கறுப்பு ரிங்

மொட்டை மாடிக் குருவிக் கூண்டின் நடுவே வலை விழுந்ததிலிருந்து அந்த வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு கிடையாது. கீழ் வீட்டில் அக்கா தையல் மெஷினை மிதிப்பாள். மேல் வீட்டிலிருந்து தம்பி வெல்டிங் வேலைக்குக் கிளம்புவான். படியில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், இன்னொருவர் தன் செருப்பைப் பார்ப்பார்.

சண்டையின் கதை சின்னதுதான். போன கண்காட்சியில் அக்கா வளர்த்த பிஞ்ச் குருவிக்குக் கோப்பை கிடைத்தது. குருவியின் காலில் இருந்த ரிங்கில் தம்பியின் பெயரெழுத்து. குருவி வளர்ப்போர் சங்கத்தில் உறுப்பினர் அவன்தான், ரிங் அவன் பெயருக்குத்தான் வரும். மேடையில் அவனைக் கூப்பிட்டார்கள், அவனும் ஏறி வாங்கிக்கொண்டான். கீழே இறங்கி நேராக அக்கா கையில்தான் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் அதற்குள் போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள்.

"இனிமே உன் ரிங்கு என் குஞ்சு கால்ல ஏறாது" என்று அக்கா சொன்னாள்.

அவனும் ரோஷக்காரன். அடுத்த நாளே கூண்டை இரண்டாகப் பிரித்து வலை கட்டினான். அவன் குருவிகள் அந்தப் பக்கம், அவள் குருவிகள் இந்தப் பக்கம். கோபத்தில் கட்டியதுதான், ஆனாலும் ஒரு இடத்தில்கூட வலை தொங்கவில்லை. கைத்தொழில் அப்படி.

போன வாரம் அவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு சங்கத்துச் செயலாளர் வீட்டுக்குப் போனதை அக்கா ஜன்னலிலிருந்து பார்த்தாள். இந்த வருஷக் கண்காட்சிக்கும் இப்போதே தன் பெயரைக் கொடுக்கத்தான் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குத் தைத்த பாவாடையில் இரண்டு முறை ஊசி முறிந்தது.

கூண்டைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் பிரிக்க முடியாத ஒன்று அக்கா பக்கத்தில் மாட்டியிருந்த கூட்டுப் பெட்டிக்குள் இருந்தது.

நான்கு கோல்டியன் பிஞ்ச் குஞ்சுகள்.

வலை விழுவதற்கு முன்னால் தம்பியின் சேவல் குருவியும் அக்காவின் பெட்டைக் குருவியும் ஜோடி சேர்ந்து இட்ட முட்டைகள் அவை. இரண்டும் பச்சை முதுகு, ஊதா நெஞ்சு, மஞ்சள் வயிறு என்று வழக்கமான கோல்டியன்தான். ஆனால் சேவலின் தாய் நீலம், பெட்டையின் தகப்பன் நீலம். வெளியே தெரியாத நீலம் இரண்டிலும் உள்ளே இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால்தான் குஞ்சு நீல முதுகோடு பிறக்கும். இதை ஒன்றும் அதை ஒன்றுமாகத் தனியே வைத்து எத்தனை வருஷம் வளர்த்தாலும் வராது. இப்போது நடுவில் வலை. இனி இவற்றுக்கு முட்டையும் இல்லை. அந்த நான்கில் ஒன்றாவது நீலமா என்பதுதான் அக்காவின் தூக்கத்தைத் தின்றது.

அதற்கும் முன்னால் ஒரு காரியம் இருந்தது. ரிங்.

சொந்தமாய்ப் பொரித்த குருவி என்று கண்காட்சியில் நிறுத்த, மூட்டு இல்லாத முழு ரிங் காலில் இருக்க வேண்டும். குஞ்சாக இருக்கும்போதுதான் அது விரல்களைத் தாண்டி ஏறும். பாதம் பெருத்துவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் அது கடையில் வாங்கிய குருவி மாதிரி, அம்மா அப்பா யார் என்று எவனும் கேட்க மாட்டான்.

அன்று காலை தினையும் தண்ணீரும் மாற்ற அக்கா மேலே போனபோது தம்பி மனைவி ஏற்கெனவே கூண்டுக்குள் நின்றிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கடுகளவு ஸ்க்ரூவைக் கண்ணை மூடிக்கொண்டு முடுக்குவாள். அன்று அவளுக்கு விடுமுறை.

கோல்டியன்களுக்கு அடைகாக்கப் பொறுமை பத்தாது என்று முட்டைகளைப் பழுப்பு நிறச் செவிலிக் குருவி ஜோடிக்கு மாற்றியிருந்தார்கள். அந்த ஜோடி இரை எடுக்கத் தட்டுக்கு இறங்கிய நேரம் பார்த்து, பெட்டி மூடியை அவள் மெல்லத் தூக்கினாள்.

"அண்ணி, பெருசோட காலைப் பாருங்க. நாளைக்கு இதுல ரிங் ஏறாது."

"ஏறலன்னா போகட்டும்."

"போகட்டும்னு சொல்ற வாய் ஏன் கோணுது?"

அக்கா குனிந்து பார்த்தாள். மூன்று குஞ்சுகளுக்கு முதுகில் முள் முள்ளாக இறகுக் குருத்து முளைத்திருந்தது. நான்காவது பொடிசு. கடைசியாகப் பொரித்தது. அது இன்னும் வெறும் தோலாக மற்றவற்றின் அடியில் சுருண்டு கிடந்தது. எந்தக் குருத்தும் இன்னும் வெடிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த இருட்டில் பச்சையா நீலமா என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது.

ரிங் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தம்பியின் இரும்புப் பெட்டியில், வெல்டிங் ராடுக்கு அடியில். அவன் ஏதோ ஒரு வீட்டு கேட் மாட்டப் போயிருந்தான், சாயங்காலம்தான் வருவான். தான் போய் எடுத்துவருவதாகத் தம்பி மனைவி சொன்னாள். அது திருட்டு என்று அக்கா சொன்னாள். என் புருஷன் பெட்டியை நான் திறந்தால் அது எப்படித் திருட்டாகும், வேண்டுமானால் அவனைக் கேட்டே வாங்கிக்கொள்ளுங்கள், பக்கத்துத் தெருதான், போன் போடட்டுமா என்று அவள் கேட்டாள்.

கேட்பதா. அந்த ஒரு வார்த்தைதான் அக்காவுக்கு வராதது.

"அவன் எழுத்து போட்ட ரிங்கு" என்றாள் அக்கா. "நீலமே வந்தாலும் மறுபடி அவன்தான மேடை ஏறுவான்."

"ரிங் இல்லன்னா யாருமே ஏற முடியாது அண்ணி. அதுக்கு இது தேவலாம்ல?"

அக்கா வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தம்பியின் சேவல் வலையோரக் குச்சியில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துப் பெட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தது. தினமும் இதே கூத்துதான். பெட்டை அதைப் பார்க்காத மாதிரி, சுண்ணாம்புச் சத்துக்குத் தொங்கவிட்ட கணவாய் மீன் ஓட்டைக் கொத்தும். ஆனால் குச்சியை விட்டு நகராது.

"நாலு எடுத்துட்டு வா" என்றாள் அக்கா.

சொல்லி முடிப்பதற்குள் தம்பி மனைவி, அந்தச் சின்னவள், படியில் இருந்தாள்.

அதற்குப் பிறகு மாடியில் நடந்தது ஒரு ஆபரேஷன்தான். அக்கா குஞ்சைப் பிடித்துக்கொள்ள, சின்னவள் முன்விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ரிங்கை உள்ளே நுழைத்தாள். பாதத்தின் மேட்டில் வந்து நின்றுகொண்டது. இருவரும் மூச்சு விடவில்லை. கட்டைவிரல் நகத்தால் ஒரு தள்ளு. ஏறியது. பின்விரல் ரிங்குக்குள் மாட்டிக்கொண்டதைப் பல் குத்தும் குச்சியால் வெளியே எடுத்துவிட்டாள். புத்தம்புது அலுமினிய ரிங் வெயிலில் வெள்ளியாகப் பளிச்சிட்டது.

"அண்ணி, கொலுசு போட்ட மாதிரி இல்ல?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாளில் அவள் தன் கையால் ரிங் போட்டதே இல்லை. ஊட்டுவது, சூடு பார்ப்பது, முட்டைத் தீனி பிசைவது எல்லாம் அவள். ரிங் என்றால் அது தம்பி வேலை. இன்றைக்கு அவன் இல்லாமலே ஆகிறது என்பதில் ஒரு கிறுகிறுப்பு இருந்தது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதும் ஏறியது.

நான்காவது ரிங் சின்னவளின் எண்ணெய் விரலிலிருந்து வழுக்கி, தரையில் குவிந்திருந்த தினை உமிக்குள் போய் விழுந்தது. இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. பொடிசின் கால் இன்னும் சின்னதுதானே, அதற்கு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை மூடிவிட்டு இறங்கினார்கள். படியிறங்கும்போது அக்கா ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்ததை, சின்னவள் கேட்டும் கேட்காத மாதிரி விட்டுவிட்டாள்.

கேட்டுக்குக் கீல் வந்து சேரவில்லையாம். மத்தியானமே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான்.

சுத்தியல் எடுக்க இரும்புப் பெட்டியைத் திறந்தவன் அப்படியே நின்றான். ராடு எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. ரிங் பாக்கெட்டின் வாய் கிழிந்திருந்தது. மனைவியைப் பார்த்தான். அவளுக்குப் பொய் சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி சொன்னாள். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பளபளன்னு அப்படியேவா போட்டீங்க?"

"வேற எப்படிப் போடறது?"

அவன் படியில் ஏறவில்லை, தாவினான். போகிற போக்கில் கீழ் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். பேச்சு நின்றபிறகு அவன் அக்காவைக் கூப்பிடுவது அதுதான் முதல் முறை. தையல் மெஷின் சத்தம் பட்டென்று நின்றது.

மாடியில் மூன்று பேரும் ஒன்றாக வந்து நின்றார்கள். வலையின் இந்தப் பக்கம், அக்கா பக்கம். அவன் மூச்சிரைக்கக் கேட்டான், கூட்டு ஓரத்தில் எச்சம் காய்ந்து கட்டியிருந்ததா என்று.

"ஏன் கட்டணும்? கூடு பளிங்கு மாதிரி இருந்துச்சு" என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

அவன் நெற்றியில் கைவைத்துக்கொண்டான்.

"பொடிசு இன்னும் சின்னது. அது போடற எச்சத்த இன்னும் செவிலிங்க தூக்கி வெளிய போட்டுட்டுதான் இருக்கு. கூட்டுக்குள்ள வெள்ளையா என்ன மின்னினாலும் அதுங்களுக்குக் குப்பைதான். தூக்கிட்டுப் போயி போட்டுடும். கூடவே கால் இருக்கு, காலோட குஞ்சு இருக்குன்னு அதுக்குத் தெரியுமா?"

அக்கா சட்டென்று மண்டியிட்டாள். தரையில் குவிந்திருந்த உமியைத் துழாவ ஆரம்பித்தாள்.

முதலில் கிடைத்தது காலையில் தொலைந்த ரிங். அடுத்து, பெட்டிக்கு நேர் கீழே, சுவரோரமாக, பெருசு.

கையில் எடுத்தாள். ஈரத்துணி மாதிரி சில்லிட்டிருந்தது. கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. காலில் அந்த வெள்ளி ரிங் மட்டும் புதுசாக மின்னியது.

"செத்துடுச்சு" என்றாள் அக்கா.

"செத்ததா முடிவு பண்றதுக்கு முன்னாடி சூடு குடு." அவன் குரல் தணிந்திருந்தது. "நீ எத்தனையத் திருப்பிக் கொண்டுவந்திருக்க. கையை மூடு."

அவள் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து மூடி, கட்டைவிரல் இடுக்கு வழியாக வாயால் சூடு ஊத ஆரம்பித்தாள். அவன் பெட்டி மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தான். உள்ளே செவிலித் தாய், இரண்டாவது குஞ்சின் ரிங்கை அலகால் கவ்வி வாசல் வரை இழுத்து வந்திருந்தது. குஞ்சு பாதி உள்ளே, பாதி வெளியே.

அவன் விரலைக் காட்டியதும் தாய் பறந்து போய் மேல் குச்சியில் உட்கார்ந்து கத்தியது. ரிங்கைக் கழற்றிவிடலாமே என்று சின்னவள் சொன்னாள். எண்ணெய் போட்டு ஏற்றியதை இறக்கினால் விரல் முறிந்துவிடும், இதற்குக் கறுப்பு அடிக்க வேண்டும் என்றான் அவன். பட்டறை மார்க்கர் இருக்கிறதே என்றாள் அவள். ஈர மை தோலில் பட்டால் எரியும், ரிங் காலில் ஏறுவதற்கு முன்னால் அடித்துக் காயவைத்திருக்க வேண்டும் என்றான்.

சின்னவள் ஒரு நொடி யோசித்தாள். இடுப்புப் பையில் கையை விட்டாள்.

"கண்மை ஆகுமா?"

அவன் அவளைப் பார்த்தான். அந்த நேரத்திலும் அவன் வாயோரம் கொஞ்சம் நெளிந்தது.

"ஆகும். உனக்கு அடிக்கற அளவு அடிச்சிடாத, அப்புறம் அதையும் பொண்ணு பாக்க வந்துடுவாங்க."

அவள் அவன் முழங்கையில் ஒரு இடி இடித்துவிட்டு வேலையில் இறங்கினாள். மூக்குக்கண்ணாடிக் கடைக் கை நடுங்கவில்லை. இரண்டாவதின் ரிங் கறுத்தது. மூன்றாவதின் ரிங் கறுத்தது. அவன் ஒவ்வொன்றையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மின்னுகிற இடத்தைக் காட்டினான். அவள் மறுபடி தொட்டுத் தடவினாள்.

"டேய்" என்றாள் அக்கா.

இருவரும் திரும்பினார்கள்.

"உள்ளங்கைய என்னமோ சுரண்டுது."

மூடிய கையைக் கொஞ்சமாகத் திறந்தாள். பெருசு தலையைத் தூக்க முயன்று, தோற்று, மறுபடி முயன்றது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் வாய் திறந்தது. அக்காவின் கன்னத்தில் ஓடியதைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. சின்னவள் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்ததில் அக்கா கன்னத்திலும் ஒரு கோடு மை.

அதன் ரிங்கையும் கறுப்பாக்கி, மூன்றையும் பொடிசோடு சேர்த்துப் பெட்டிக்குள் விட்டு, மூடியை விரல் அளவு மட்டும் திறந்து வைத்து, மூன்று பேரும் பின்னால் போய் வலையோரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். இனி அந்தச் செவிலி ஜோடி வந்து ஊட்ட வேண்டும். வராவிட்டால் வெறும் சூட்டில் பெருசு சாயங்காலம்வரை தாங்காது. ஊட்ட வந்து மறுபடி தூக்கி எறிந்தால் அதற்கு மேல் தாங்காது.

தாய் வரவில்லை. குச்சியில் வாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது.

தகப்பன் குருவி தினைத் தட்டில் இறங்கியது. இரண்டு மணி கொத்தியது. பெட்டி வாசலில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது.  குருவி உள்ளே போனது.

அக்கா முழங்காலில் நகர்ந்து மூடி இடுக்கில் கண் வைத்தாள். கூட்டு இருட்டில் கோல்டியன் குஞ்சுகளின் வாயோரத்தில் சின்னச் சின்ன மணிகள் நீலமாகப் பளிச்சிடும். எங்கே ஊட்ட வேண்டும் என்று தாய்க்குக் காட்டும் விளக்கு அது. ஒரு வாய் திறந்தது. இன்னொன்று. இன்னொன்று, அது அடியிலிருந்து, பொடிசு.

"மூணு" என்றாள் மூச்சுக்குள்.

"இன்னொண்ணு?"

"இரு."

செவிலி ஒவ்வொன்றாக ஊட்டியது. பெருசின் பக்கம் வந்தது. அதன் காலைப் பார்த்தது. குனிந்தது. அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்தது அவளுக்கே தெரியாது. செவிலி ரிங்கை ஒருமுறை அலகால் தொட்டது. விட்டுவிட்டது.

நான்காவது வாய் திறந்தது. மணிகள் மினுங்கின. கூடவே சத்தமும் வந்தது, கீச்சென்று, எனக்கு எங்கே என்று கேட்கிற மாதிரி.

"நாலு" என்றாள் அக்கா. சத்தமாகவே சொன்னாள். வலைக்கு அந்தப் பக்கத்துச் சேவல் பயந்து பறந்தது.

 அப்புறம் சின்னவள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். கறுப்பு அடித்துத்தான் போட வேண்டும் என்று தெரிந்தவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, குஞ்சு பெரிசாவது உனக்கும் தெரியும்தானே என்று கேட்டாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தான். பீடி சிகரெட் பழக்கம் இல்லாதவன். திறந்து காட்டினான். பஞ்சின் மேல் நான்கு ரிங். மார்க்கர் அடித்துக் காயவைத்து, கரிக்கட்டை மாதிரி நான்கு ரிங்.

"எப்பலேருந்து வச்சிருக்க?" என்றாள் சின்னவள்.

"குஞ்சு பொரிச்சதுலேருந்து. தினம் பையிலதான் வச்சிட்டுப் போறேன். நம்ம ரிங்குதான் அவங்க குஞ்சு கால்ல ஏறாதே. கேட்டாத்தான குடுக்க முடியும்."

அக்கா அந்தத் தீப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதை நீட்டவும் இல்லை, மூடவும் இல்லை. பொடிசுக்கு மட்டும் இன்னும் ரிங் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

 கோபத்தில் பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது. இது கஷ்டமாக இருந்தது.

"ரிங்கு குடுடா" என்றாள்.

"என்னது, கேக்கல."

"செவுடனுக்கு வெல்டிங் வேலை ஒரு கேடா? பொடிசுக்கு ரிங்கு குடுடான்னு சொன்னேன்."

அவன் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். மீதி மூன்றையும் தீப்பெட்டிக்குள்ளேயே மூடிப் பையில் போட்டுக்கொண்டான்.

இந்த முறை அக்காவே போட்டாள். அவன் வாயால் சொல்லச் சொல்ல, விரலைச் சேர்த்து, எண்ணெய் தொட்டு, தள்ளி. பொடிசின் காலில் அது தடங்கலே இல்லாமல் ஏறி உட்கார்ந்தது. குஞ்சைக் கவிழ்த்துப் பெட்டிக்குள் விடப்போனவள் ஒரு நிமிஷம் கையை நிறுத்தினாள்.

பொடிசின் முதுகுத் தோலுக்கு அடியில் இறகுக் குருத்து அப்போதுதான் புள்ளி புள்ளியாக எழ ஆரம்பித்திருந்தது. மற்ற மூன்றின் குருத்திலும் பச்சை சாயல் ஓடியிருந்ததை இன்று பூராவும் கையில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இது அப்படி இல்லை. மழை வரப்போகிற வானம் மாதிரி சாம்பல்.

தம்பியும் பார்த்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாயத் தெறக்காத" என்றான் அவன். "குருத்து வெடிக்கட்டும்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"என்ன, என்ன" என்று சின்னவள் இருவரின் தோளுக்கும் நடுவே எட்டினாள். யாரும் சொல்லவில்லை.

எண்ணெய்க் கையால் தொட்டதில் ரிங்கின் மார்க்கர் மை கொஞ்சம் இளகி அக்காவின் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. மின்னுகிறதா என்று பார்க்க அவள் ரிங்கைத் திருப்பினாள்.

"அதத் தேய்க்காத" என்றான் தம்பி அவசரமாக.

"ஏன்?"

"சும்மாதான். இது வேற பாக்கெட். செயலாளர்கிட்ட போய் வாங்கினது."

சொல்லிவிட்டு அவன் வலையைச் சரிபார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். சரிபார்க்க அதில் ஒன்றும் இல்லை.

அக்கா தேய்க்கவில்லை. தேய்க்கத் தேவையும் இருக்கவில்லை. மை போன இடத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு எழுத்து எட்டிப் பார்த்தது.

அது தம்பி பெயரின் எழுத்து இல்லை, அவளுடையது.

அவள் கட்டைவிரல் மையை மறுபடி அந்த எழுத்தின் மேலேயே ஒற்றி மறைத்தாள். பொடிசைக் கூட்டுக்குள் விட்டாள். ஓசை வராமல் மூடியைச் சாத்தினாள்.